கூடுதலாக ஒரு எலும்பு

அன்றைக்கு அந்த வீட்டுக்குள் இருந்தவர்கள் ஆறு பேர். ஆமத்தூர்ப் பக்கம் எலும்புக்குக் கட்டுப்போடுகிறவர், அவருடைய மனைவி, தங்கச்சி படித்த பள்ளிக்கூடத்தின் பி.டி. சார், எங்கள் அம்மா, தங்கச்சி, நான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் போய்விட்டதால் நாங்கள்தான் முதல் ஆள். வாசலில்கூட வேறு யாரும் இல்லை. இந்த ஆறு பேரையும் எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். இன்னும் ஒருத்தர் இருந்து, "விடுங்கய்யா பிள்ளைய" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். அப்படி ஒருத்தரும் இல்லை. தங்கச்சிக்கு அப்போது பதினான்கு வயது. அவள் கத்தினாள், ஒருத்தர் அமுக்கினார், மற்ற நாலு பேரும் அவளைப் பிடித்துக்கொண்டோம்.

அவள் அங்கே போய்ப் படுக்க வேண்டி வந்தது ஓட்டத்தால்தான்.

எங்கள் ஊர் எம். புதுப்பட்டிக்குப் பக்கம். அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். ஒரு சம்பளத்தில் ரெண்டு பேரைப் படிக்கவைக்க முடியாது என்று அம்மா சொன்னபோது, நான் நின்றுகொள்கிறேன் என்று நானே சொன்னேன். அதில் பெருந்தன்மை ஒன்றும் கிடையாது. அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் பன்னிரண்டு மார்க் வாங்கி, அந்தப் பேப்பரை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் திரிந்துகொண்டிருந்தேன். நிற்பதற்கு நல்லதாக ஒரு காரணம் கிடைத்தது, நின்றுவிட்டேன். ஆனால் கேட்டவர்களிடமெல்லாம், "தங்கச்சி படிக்கணும்ல, அதுக்காக நின்னுட்டேன்" என்றுதான் சொன்னேன். தங்கச்சியிடமும் அப்படியே சொல்லி வைத்திருந்தேன். சின்னப்பிள்ளை, அக்கா சொன்னதை நம்பினாள்.

சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் எனக்கு வேலை. தினசரித் தாள் கட்டை அட்டையோடு சேர்த்துத் தகரப் பட்டையை வைத்து மிஷினில் அழுத்த வேண்டும். விரலும் சேர்ந்து போய்விடுமோ என்ற பயம் முதல் நாள் வந்தது, இன்னும் போகவில்லை. எங்கேயாவது வெடிச்சத்தம் கேட்டால் அதைவிட மோசம். அம்மாவுக்குப் போன் போட்டுப் பார்க்க முடியாது; பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். சாயங்காலம் அம்மாவின் வேன் வந்து நிற்கும்வரை தெருமுனையிலேயே நிற்பேன்.

தங்கச்சி இதற்கெல்லாம் நேர்மாறு. அவளுக்கு எதற்கும் பயம் கிடையாது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது படிக்கும்போது குறுவட்டப் போட்டியில் எண்ணூறு மீட்டர் ஓடினாள். வெறுங்கால். ரெண்டாவதாக வந்தவளுக்கும் இவளுக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போகலாம், அவ்வளவு இடைவெளி. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு தனியார் பள்ளிக்கூடத்துப் பி.டி. சார், ரெண்டு நாள் கழித்து எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பிள்ளைய எங்கிட்ட விட்டுருங்கம்மா. பீஸு கிடையாது. வேனுக்குக் காசு கிடையாது. யூனிபார்ம் நாங்க குடுத்துருவோம். ஓடுற பிள்ளைகளுக்கு ரெண்டு ரெண்டு முட்டை வேற. அவ ஓடுனாப் போதும்."

"எம்புட்டு நாளைக்கு சார்?" என்று அம்மா கேட்டாள்.

"பன்னெண்டாவது முடிக்க மட்டும். பெறகு காலேஜுல கூப்பிட்டு சீட் குடுப்பான். போலீஸ்ல எடுப்பான். ஒங்களுக்கு என்னம்மா கவல?"

அம்மாவுக்குக் கவலை தீர்ந்துவிட்டது. எனக்கு அப்போதுதான் ஆரம்பித்தது. ஓட முடியாமல் போனால் என்ன சார் செய்வீர்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அவர் டீயைக் குடித்து முடிக்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்டால் நடந்துவிடும் என்று தோன்றியது. கேட்கவில்லை.

எட்டாவது முழுக்க அவள் வெறுங்காலோடுதான் ஓடினாள். ஒரு தொந்தரவும் இல்லை. ஒன்பதாவதில் ஸ்பைக்ஸ் கொடுத்தார்கள், அடியில் ஆணி வைத்த ஷூ. பாதத்தை நாலு பக்கமும் கவ்விப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது வாரம் வலது காலில் வலி என்றாள். பாதத்தின் உள்பக்கம், கணுவுக்குக் கொஞ்சம் முன்னால், குழிவு ஆரம்பிக்கிற இடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மேடு. அது சிவந்துபோய், தொட்டால் சுட்டது.

அந்த மேடு புதிதாக வந்ததல்ல. எனக்கு அது தெரியும். அம்மா விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவதால் தங்கச்சியைக் குளிப்பாட்டி, உடுத்தி, கொலுசு மாட்டி வளர்த்தது நான். அவளுக்கு நாலு வயதிலேயே ரெண்டு பாதத்திலும் உள்பக்கம் துருத்திக்கொண்டுதான் இருக்கும். "மூணு கணுக்காரி, மூணு கணுக்காரி" என்று கூப்பிட்டு அவளை அழவைத்ததே நான்தான்.

பள்ளிக்கூடத்தில் பி.டி. சார் பார்த்துவிட்டு, "எலும்பு வெலகிருக்கு" என்று சொல்லிவிட்டார். முதல் வாரம் ஸ்ப்ரே அடித்தார். ரெண்டாவது வாரம் நம்பவில்லை. மூன்றாவது வாரம் மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கவைத்துப் பேச ஆரம்பித்தார்.

"ஏ பிள்ள, மாட்டுக்கு லாடம் அடிச்சா அது ஓடலையா? ஒனக்கு அடிச்சது லாடம் இல்ல, ஷூ. இதுக்கே இப்பிடியா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் அவள் மைதானத்தில் உட்கார்ந்துவிட்டபோது இன்னும் ஒன்று சொன்னார். அதை அவள் வீட்டில் வந்து அவர் குரலிலேயே நடித்துக் காட்டினாள்.

"ஓடலைன்னா சீட்டு இல்ல. சீட்டு இல்லன்னா ஒங்கம்மாகூடப் பட்டாசுக்குத்தான் போவ. அங்கனயும் ஒருநா உசுரக் கையில பிடிச்சிக்கிட்டு ஓட வேண்டி வரும். அன்னைக்கும் கால் வலிக்குன்னு உக்காந்துறாத."

அம்மா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். பட்டாசு வேலை செய்கிறவர்கள் அப்படிப் பேச்சுக்குச் சிரிக்கத்தான் செய்வார்கள். பிறகு, "நெசமாவே வலிக்கா, இல்ல ஓடச் சோம்பேறித்தனமா?" என்று கேட்டாள்.

"வலிக்கும்மா."

"காலைல வலிக்கல. சைக்கிள்ல போறப்ப வலிக்கல. மைதானத்துக்குப் போனா மட்டும் வலிக்காக்கும்?"

அவள் நடிக்கிறாளா என்று கண்டுபிடிக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை. எனக்கு அது தெரிந்தால்தான் சோறு இறங்கும் என்றிருந்தது. ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, வீட்டுக்குள் போகாமல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவள் குடத்தோடு வந்தாள். நாங்கள் பார்க்கும்போது லேசாகத்தான் நொண்டுவாள். அப்போது யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, வலது பாதத்தைத் தரையில் வைக்காமல் விளிம்பை மட்டும் ஊன்றி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, நாலு எட்டுக்கு ஒருதரம் நின்று நின்று போனாள். நடிக்கிறவர்கள் ஆள் இருக்கும்போதுதான் அதிகமாக நொண்டுவார்கள். இவள் ஆள் இல்லாதபோது நொண்டினாள். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்குள் போய் அம்மாவிடம், "நல்லாத்தான் நடக்கா, பாத்தேன்" என்று சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்றால், வலி உண்மை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனால் படுக்கவைத்துவிடுவார்கள். படுத்தால் ஓட முடியாது. ஓடாவிட்டால் சீட் போய்விடும். சீட் போனால் நான் படிப்பை விட்டது எதற்கு என்று யாராவது கேட்பார்கள். என் பயம் இப்படித்தான் ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்குப் போகும். அதில் அவளுடைய கால் எங்கேயும் இல்லை.

மாவட்டப் போட்டிக்கு இருபது நாள் இருக்கும்போது பி.டி. சார் அம்மாவுக்குப் போன் செய்தார். "ஆஸ்பத்திரிக்கு மட்டும் போயிராதீகம்மா. மாவுக்கட்டப் போட்டு ஒன்றரை மாசம் கெடத்திருவான். ஆமத்தூர்ல ஒருத்தர் இருக்காரு, ஒரே அமுக்குல சரியாயிரும். நான் எத்தன பிள்ளைகளக் கூட்டிட்டுப் போயிருக்கேன். இந்த வருசம் மாவட்டத்துல ஜெயிக்கலன்னா அய்யா எங்கிட்டத்தான் கேப்பாரு, இந்தப் பிள்ளைக்கு எதுக்கு ஓசிச் சீட்டுன்னு." அய்யா என்பது பள்ளிக்கூடத்து முதலாளி.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை போனோம்.

கட்டுப்போடுகிறவர் நல்ல மனிதராகத்தான் இருந்தார். அம்மாவைத் தாயி என்று கூப்பிட்டார். "வாங்க சார். போன மாசம் ஒரு கபடிக்காரனக் கொண்டாந்தீகளே, இப்ப எப்பிடி இருக்கான்?"

"குதிக்கான்" என்றார் சார்.

தங்கச்சியைப் பாயில் உட்காரவைத்து, வலது பாதத்தை மடியில் தூக்கிவைத்துக்கொண்டு மேட்டைச் சுற்றி விரலை ஓட்டினார். "வெலகல்தான். எலும்பு எந்திரிச்சு நிக்கிது. உக்கார வச்சிருவோம்." சுவரோரமாக அவர் மனைவி உளுந்து மாவில் முட்டை வெள்ளைக்கருவை ஊற்றிக் குழைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் தங்கச்சி சொன்னாள். "அந்தக் கால்லயும் இதே மாதிரி இருக்கு. அது வலிக்கல. ரெண்டு கால்லயும் ஒரே எடத்துலயா எலும்பு வெலகும்?"

கட்டுப்போடுகிறவர் கை நின்றது. ஒரு நொடிதான். பி.டி. சார், "ஏ பிள்ள, நீ என்ன டாக்டருக்கா படிச்சிருக்க?" என்றார். மாவு குழைத்துக்கொண்டிருந்த அந்த அம்மா சிரித்தார். கட்டுப்போடுகிறவரும் சிரித்துக்கொண்டு, "வலிக்காத கால எதுக்குத் தாயி பாக்கணும்?" என்றார். இடது காலை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாயில் நீட்டியபடி எல்லோர் கண்ணுக்கும் முன்னால்தான் இருந்தது.

தங்கச்சி என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீ சொல்லுக்கா. சின்னதுலருந்தே இருக்குதுல்ல? நீதான மூணு கணுக்காரிம்ப?"

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். பி.டி. சார் பார்த்த பார்வையில் பீஸ், வேன், யூனிபார்ம் எல்லாம் இருந்தது. அம்மா, "இருந்துச்சாடி?" என்று கேட்டாள்.

"எனக்கு ஞாபகம் இல்ல" என்றேன்.

கட்டுப்போடுகிறவர் ஆளுக்கொரு இடம் காட்டினார். அம்மா தலைமாட்டில் கைகளைப் பிடித்துக்கொண்டாள். சார் இடது காலைப் பிடித்தார். அந்த அம்மா மாவுக் கையோடு வந்து தோளை அமுக்கினார். "நீ தொட மேல உக்காரு, அசைய விடாத" என்று என்னிடம் சொன்னார்கள். முகத்துக்கு முதுகைக் காட்டி, தொடைமேல் ஏறி உட்கார்ந்தேன். அவள் ஒல்லி. எனக்கு அவள் எலும்பு குத்தியது.

சுடவைத்த எண்ணெயைத் தேய்த்து, ரெண்டு கட்டைவிரலையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, அவர் தன் உடம்பு பாரம் முழுவதையும் அதில் இறக்கினார். முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. ரெண்டாவது தடவையும் இல்லை. "பிடிவாதமான எலும்பு" என்றார். மூன்றாவது தடவை உள்ளே டொக்கென்று ஒரு சத்தம். கரும்பை ஒடித்த மாதிரி.

"கேட்டீகளா? உக்காந்துருச்சு!"

பி.டி. சார் கை தட்டினார். தங்கச்சி கத்தியது அதற்கப்புறம்தான் நின்றது, குரல் போய்விட்டது. என் கால் நனைந்தது. என்னவென்று குனிந்து பார்த்தேன். அவள் பாயிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். சார் சட்டென்று காலை விட்டுவிட்டு, "சை" என்று வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்த அம்மா, "ஆம்பளைகளே போயிருக்காக இங்கன, வெக்கப்படாத" என்று பாயை இழுத்தார். பதினான்கு வயதுப் பெண், ஒரு வாத்தியாருக்கு முன்னால். அவள் கையை முகத்தில் வைத்துக்கொள்ளக் கூட முடியவில்லை, அம்மா இன்னும் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

மூங்கில் பட்டை வைத்து, மாவு பூசி, துணி சுற்றிக் கட்டிவிட்டார்கள். கட்டு காய்ந்து மரம் மாதிரி இறுகியது. மூன்றாவது நாளிலிருந்து எறும்பு. காலையில் எழுந்தால் வாசலிலிருந்து அவள் பாய்வரை ஒரு வரிசை. சுண்ணாம்புக் கோடு போட்டேன், மஞ்சள்தூள் தூவினேன். எறும்பைப் பற்றி மட்டும் அவ்வளவு கவலைப்பட்டேன். அவள் பாயை என் பக்கத்திலிருந்து எடுத்து அம்மா பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

பதினோராவது நாள் பி.டி. சார் பிளேடோடு வந்து கட்டை அறுத்தார். வீக்கம் குறைந்திருந்தது. "பாத்தீகளா? மேடே இல்ல" என்றார். மேடு இருந்தது. வீங்கி வற்றியதால் சின்னதாகத் தெரிந்தது. அவள் தரையில் ஊன்றினாள், முகம் வெளுத்தது. "ரெண்டு நாளு நடந்தாச் சரியாயிரும்" என்றார்.

விருதுநகரில் போட்டி. நான் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். சீசன் நேரம், சூப்பர்வைசர் முகத்தைக் கோணினார். மைதானத்து வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதத்தைச் சுற்றி இறுக்கமாகப் பட்டைத் துணியைச் சுற்றி, அதற்கு மேல் ஸ்பைக்ஸைத் திணித்து, சார் தன் கையாலேயே லேஸைக் கட்டிவிட்டார்.

எண்ணூறு மீட்டர் என்றால் ரெண்டு சுற்று. முதல் சுற்றில் அவள் ரெண்டாவதாக வந்தாள். சொன்னால் நம்பமாட்டார்கள், அந்தக் காலோடு ரெண்டாவது. எனக்குக்கூடச் சரியாகிவிட்டது என்று தோன்றியது. ரெண்டாவது சுற்றில் எதிர்ப்பக்க வளைவில் வலது பாதம் உள்பக்கமாக மடங்கியது. விழவில்லை. நின்றாள். மற்றவர்கள் ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டிப் போனார்கள்.

நான் கத்தினேன். "ஓடுடீ! ஒனக்காகத்தான்டி நான் படிப்ப விட்டேன்! ஓடு!"

அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மா, "பாவம், அக்காபோல" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு என் சத்தம் கேட்டிருக்கிறது. மறுபடி ஓட ஆரம்பித்தாள். பாத விளிம்பில், கையை வீசி வீசி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து நான் பார்த்த அதே நடை. கடைசியாகக் கோட்டைத் தாண்டினாள். சில பேர் கை தட்டினார்கள்.

"தட்டுங்க, நல்லாத் தட்டுங்க" என்றார் பி.டி. சார். "நொண்டிப் பந்தயத்துல மாவட்டத்துக்கே மொத எடம்."

பிறகு அவளிடம் குனிந்து ஷூவை மட்டும் கழற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரிக்கு அவர் வரவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் சின்ன வயதுக்காரர். பாதத்தைத் திருப்பிப் பார்த்ததும், "அந்தக் காலையும் காட்டும்மா" என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ரெண்டு காலையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். வெளிச்சத்தில் படத்தை மாட்டி, பேனாவால் காட்டினார். ரெண்டு பாதத்திலும் ஒரே இடத்தில், பெரிய எலும்புக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று தனியாகத் தெரிந்தது.

"சில பேருக்கு இந்த எடத்துல கூடுதலா ஒரு எலும்பு இருக்கும். பொறவிலேயே வர்றது. நெறையப் பேருக்கு அது இருக்கிறதே தெரியாது. வளர்ற வயசுல ரொம்ப ஓடினா, இறுக்கமா ஷூ போட்டா வலிக்க ஆரம்பிக்கும். பாதத்தத் தூக்கிப் பிடிக்கிற தசைநார் இதுலதான் வந்து பிடிச்சிருக்கு, அதான். இது வெலகுன எலும்பு இல்லம்மா. அதோட எடமே அதுதான்."

"அதோட எடமே அதா?" என்று அம்மா திரும்பக் கேட்டாள்.

"ஆமா. வலி வந்ததும் கூட்டிட்டு வந்திருந்தா ஒரு ஆறு வாரம் கட்டுல ஓய்வு, ஷூவுக்குள்ள மெத்துன்னு ஒண்ணு. பெறகு ஓடியிருக்கலாம். இப்ப ரெண்டு எலும்புக்கும் நடுவுல ஒட்டிட்டு இருந்தது விட்டுப்போயிருக்கு. யாரு அமுக்குனது?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் எக்ஸ்ரேயைப் பார்த்தேன்.

"கீழ விழுந்துட்டா சார்" என்றாள் அம்மா. "வாய்க்கால்ல."

டாக்டர் தங்கச்சியின் கால்விரல் இடுக்கில் காய்ந்து ஒட்டியிருந்த மாவைச் சுரண்டி எடுத்தார். "ஒங்க ஊர்ல எந்த வாய்க்கால்லம்மா உளுந்து மாவு ஓடுது?"

தங்கச்சி சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

ஆறு வாரம் கட்டுப்போட்டும் சேரவில்லை. கடைசியில் அறுத்து அந்த எலும்பை எடுத்துவிட்டு, நாரை இழுத்துத் தைத்தார்கள். காப்பீட்டுத் திட்டத்தில் செய்ததால் ஆஸ்பத்திரிக்குப் பைசா செலவில்லை. மறுபடியும் கட்டு, பிறகு கோல். எல்லாமாக அஞ்சு மாதம். போட்டி முடிந்த மறுவாரமே பள்ளிக்கூட வேன் எங்கள் தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டது. ரோட்டில் வழிமறித்துக் கேட்டதற்கு டிரைவர், "லிஸ்ட்ல பேரு இல்லக்கா, நான் என்ன செய்ய?" என்றார்.

கோலை விட்டதும் மூன்று பேரும் பள்ளிக்கூட ஆபீசுக்குப் போனோம். இங்கே வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. டிசியை வாங்கிக்கொண்டு அரசுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம் என்று எண்ணம். ஆபீசில் இருந்த மேடம் எங்களை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். கம்ப்யூட்டரிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ரெண்டு வருடத்துப் பீஸ். ரெண்டு வருடத்து வேன். யூனிபார்ம். கடைசி வரியில் முட்டைக்கு முந்நூற்று அறுபது ரூபாய். மொத்தம் நாற்பத்தெட்டாயிரத்து முந்நூற்று அறுபது.

"முட்டைக்குமா?" என்றாள் அம்மா.

"இலவசம்னு குடுத்தது ஓடுறதுக்குத்தானம்மா. ஓடலைன்னா எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளது இவளுக்கும் வரும்ல. கட்டிட்டு டிசிய வாங்கிக்கிடுங்க."

தங்கச்சி ரொம்ப மரியாதையாகக் கேட்டாள். "மேடம், ரெண்டு தடவ முட்டைய வாந்தி எடுத்துட்டேன். அத மட்டும் கழிச்சிக்கிடுறீகளா?"

அந்த மேடத்துக்கு அவள் கேலி செய்வது பிடிபடவில்லை. "அய்யாட்டக் கேட்டுச் சொல்றேன்மா" என்றார்.

பாக்கிக்காக டிசியைப் பிடித்துவைக்கக் கூடாது, புகார் கொடு என்று கம்பெனியில் சொன்னவர்கள் உண்டு. அம்மா வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனி அய்யாவின் சம்பந்தகாரருடையது. அம்மா வேலையும் போய்விடும் என்று நான் எழுதவில்லை. அரசுப் பள்ளிக்கூடத்து டீச்சர் ரெண்டு தடவை வீட்டுக்கு வந்து, டிசி இல்லாவிட்டாலும் பார்த்துக்கொள்ளலாம், பிள்ளையை அனுப்புங்கள் என்றார். தங்கச்சி போகவில்லை. காகிதத்தோடு போவேன், இல்லாவிட்டால் போகமாட்டேன் என்றாள்.

இப்போது வீட்டில் உட்கார்ந்து காலண்டர் அட்டைக்குப் படம் ஒட்டுகிறாள். வலி இல்லை. ஓடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ்ஸைப் பிடிப்பதற்குக்கூட ஓடமாட்டாள். போனால் போகட்டும் என்று அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள்.

போன மாதம் அம்மா வேலைக்குப் போயிருந்தபோது அவளிடம் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு ஆமத்தூர்ல, எனக்கு ஞாபகம் இருந்துச்சு."

அவள் பசை தடவுவதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"படிப்ப நான் ஒனக்காக விடல. கணக்குல பெயிலு."

"அதுவும் தெரியும். அந்தப் பேப்பர நீ அரிசி டின்னுக்கு அடியில வச்சிருந்த. நான் ஆறாவது படிக்கிறப்பவே பாத்துட்டேன்."

"பெறகு ஏன்டி அன்னைக்கு மைதானத்துல மறுபடி ஓடுன?"

ஒட்டிய அட்டைகளை அடுக்கி, மேலே கல்லைத் தூக்கி வைத்தாள். பிறகு சொன்னாள். "ஸ்கூல்ல கட்ட வேண்டியத நீதான் கட்டணும். அம்மா துட்டு வேண்டாம், என் துட்டும் வேண்டாம். ஒன் சம்பளத்துலருந்து. கட்டி முடிச்சு டிசியக் கொண்டாந்து எங்கையில குடு. அன்னைக்குப் பேசுவோம்."

அப்படித்தான் ஆகிவிட்டது. அவள் சொல்வதற்கு முன்பிருந்தே நான் போனஸிலும் சம்பளத்திலும் பிடித்துக் கட்டிவந்தது, இந்த மாதத்தோடு பன்னிரண்டாயிரம். ரசீதுகளைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன், வாங்கிக்கொண்டாள். மாதம் ஆயிரத்து ஐந்நூறுக்குமேல் என்னால் முடியவில்லை. ஒவ்வொரு மாதமும் அந்த மேடம் என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டுத்தான் ரசீது எழுதுவார். நேற்று கேட்டுக்கொண்டு வந்தேன். இன்னும் பாக்கி முப்பத்தாறாயிரத்து முந்நூற்று அறுபது ரூபாய்.